கண்டக்டர் கட்டிய விட்டம்

“ஊரே என் நிலத்தைக் கண்டக்டர் கொல்லைன்னுதான் சொல்லுது. கரும்புக் கொல்லைன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்கம்மா” என்றார் ராசாங்கம்.

“கரும்பு என்ன சொல்லுது?” என்று கேட்டாள் செந்தாமரை.



முப்பத்தொரு வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர் ராசாங்கம். ஓய்வு பெற்றதும் ஆற்றோரம் ஒரு ஏக்கர் வாங்கி, மாசியில் கரும்பு நட்டார். செந்தாமரை அவரைவிட இருபது வயது இளையவள். பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு கரும்பு வேலைக்குப் போகிறவள். நடவு முதல் வெட்டு வரை அந்தப் பக்கத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

“ஆள் அனுப்பட்டுமா அண்ணே?”

“ஆள் வேணாம். வேலையைச் சொல்லிக் குடுங்க.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வைகாசி வரட்டும்.”

வைகாசி வந்தது. கரும்பின் அடிக்கு மண் அணைக்கச் சொன்னாள். ராசாங்கம் மண்வெட்டி பிடித்து ஒரு வரிசையை முடித்துவிட்டு, அவளைக் கூட்டிவந்து காட்டினார்.

செந்தாமரை ஒரு கரும்பைப் பிடித்து லேசாகச் சாய்த்தாள். மண் விலகி வேர் வெளியே தெரிந்தது.

கரும்பை விட்டுவிட்டு நடந்தாள்.

அவர் முதல் வரிசையிலிருந்து மறுபடி தொடங்கினார். பத்து நாள் ஆயிற்று.

ஆடியில் கரும்பின் அடியில் காய்ந்து தொங்கும் தோகையை, சோகையை, உரிக்க வேண்டும். சோகையின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும்.

“கையெல்லாம் கிழிஞ்சு போச்சும்மா.”

அவள் தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து மேலே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். எண்ணி முடியாது.

ராசாங்கம் தன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு மறுபடி கரும்புக்குள் போனார்.

புரட்டாசியில் விட்டம் கட்டும் வேலை. எதிரெதிர் வரிசைக் கரும்புகளில் அதற்குப் பிறகு காய்ந்த தோகையைப் பிய்க்காமல் சேர்த்து முறுக்கி, ஒன்றோடொன்று கட்டிவிட வேண்டும். காற்றடித்தால் ஒரு வரிசை இன்னொரு வரிசையைப் பிடித்துக்கொள்ளும்.

“எவ்வளவு இறுக்கணும்மா?”

“பஸ் ஆடும்போது பக்கத்துல நிக்கிற வயசாளியை எப்படிப் பிடிப்பீங்க?”

“விழுந்துடாமப் பிடிப்பேன்” என்றார். கொஞ்சம் யோசித்து, “வலிக்காமலும்” என்றார்.

அவள் அதற்குள் வரப்பேறிவிட்டாள்.

முதல் நாள் அவர் போட்ட கட்டுகளை மத்தியானம் வந்து ஒற்றை விரலால் தட்டினாள். ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. மறுநாள் அவர் வரிந்து இறுக்கியதில் ஒரு கரும்பு சடக்கென்று ஒடிந்தது. செந்தாமரை அந்தத் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டே போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் வரவில்லை. அவளுக்கு ஆற்றின் அக்கரையில் வேலை இருந்தது.

ராசாங்கம் தனியாகக் கட்டினார். கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். வெளிச்சம் வந்ததும் நுழைந்தால் வெயில் தாழ்ந்துதான் வெளியே வருவார். பக்கத்துக் கொல்லைக்காரர் சாரங்கபாணி வரப்பில் நின்று குரல் கொடுத்தார்.

“என்ன கண்டக்டரே, எல்லாக் கரும்புக்கும் டிக்கெட் போட்டாச்சா?”

ராசாங்கம் தலை நிமிரவில்லை.

“ரெண்டு வருஷமாக் காத்தே இல்ல. வெட்டி வேலை.”

பதினாறாம் நாள் கடைசிக் கட்டைப் போட்டார்.

ஐப்பசியில் புயல் வந்தது.

இரண்டு நாள் காற்று ஓயவில்லை. கூரைத் தகரங்கள் பறந்தன. ரோட்டில் புளியமரம் சாய்ந்து கிடந்தது. வெளியே கால் வைக்க முடியாமல் ராசாங்கம் ஜன்னலோரமே நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் மழை விட்டதும் முழங்கால் சேற்றில் நடந்து போனார்.

வழியெல்லாம் கரும்பு பாய் விரித்த மாதிரி படுத்திருந்தது. சாரங்கபாணியின் இரண்டு ஏக்கரில் நின்ற கரும்பு ஒன்றுகூட இல்லை.

வாய்க்கால் திரும்பியதும் அவர் நின்றுவிட்டார்.

அவருடைய கரும்பு நின்றுகொண்டிருந்தது.

தோகையெல்லாம் கிழிந்து, தலை கலைந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, வரிசை வரிசையாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றது. பேருந்தில் அத்தனை வருஷம் நின்றே வந்தவர் வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.

சாரங்கபாணி சேற்றோடு வந்து பக்கத்தில் நின்றார். கண் சிவந்திருந்தது. அவருடைய கேலிக்குத் திருப்பிச் சொல்வதற்கென்று ராசாங்கம் ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் நாக்குவரை வந்தன. அவற்றை விழுங்கிவிட்டு எழுந்தார்.

“வாங்க. முடிஞ்ச வரைக்கும் உங்களுதை நிமிர்த்துவோம்.”

அதே வேலைக்குத்தான் செந்தாமரையும் தன் ஆட்களோடு வந்துகொண்டிருந்தாள். ராசாங்கத்தின் கொல்லை ஓரம் வந்ததும் அவள் நடை நின்றது. வரப்பில் நின்றபடியே ஓரத்துக் கட்டு ஒன்றை இரண்டு கையாலும் பற்றி, தன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினாள்.

கட்டு அவளைத் தாங்கியது.

“எந்த ஊரு ஆளு வெச்சுக் கட்டினீங்க அண்ணே?”

“ஆள் இல்லைம்மா. நான்தான்.”

அவள் தன் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

“வாங்கடி, உள்ள போய் ஒரு சுத்துப் பாத்துட்டு வரலாம். செருப்பை வரப்புலயே விட்டுட்டு வாங்க.”

கோயில் வாசலில் கழற்றுகிற மாதிரி, முதலில் தன்னுடையதைக் கழற்றினாள்.