இன்னொரு தரம்

மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நல்லபெருமாள் மலையடி மடத்துக்கு வந்தார். வருஷக்கணக்காக மடத்துச் சாமியின் எதிரில் உட்கார்ந்து பாடம் கேட்ட சீடர்தான். அன்றைக்குக் கும்பிடக்கூட இல்லை.

"அம்மன் எதுக்குச் சாமி பொய் சொன்னா?"

சாமி என்னவென்று கேட்பதற்குள் நல்லபெருமாளே கொட்டித் தீர்த்தார்.

மனைவி பேச்சித்தாய்க்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் செய்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் பிழைத்துக்கொள்கிறார்கள், விட்டுவிட்டால் ஒருவர் தேறுவதே கஷ்டம் என்றார் டாக்டரம்மா. நல்லபெருமாளுக்கு அந்த எட்டுப் பேர் கண்ணில் படவே இல்லை. ஆபரேஷனில் போய்ச் சேரும் இரண்டு பேர்தான் கண்முன் நின்றார்கள். சும்மா இருந்து சாகப்போகிற ஒன்பது பேரை அவர் நினைக்கவே இல்லை. பயந்தவனுக்குக் கணக்கே வேறு.

பேச்சித்தாய் பயப்படவில்லை. ஆஸ்பத்திரிக்கென்று சேலைகளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். இவர்தான், எதற்கும் பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்று அம்மன் கோயிலுக்குப் போனார். வெள்ளைப் பூ வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம்.

"செவப்புதான் வந்துச்சு சாமி. அவகிட்ட சொன்னேன். அம்மன் சொன்னாச் சரின்னுட்டு, சேலைய எடுத்துத் திரும்பப் பெட்டியில வச்சுட்டா."

முதலில் வந்தது வெள்ளை என்பதை அவர் சொல்லவில்லை. பேச்சித்தாயிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே அவளை அனுப்பிவிட்டார்.

சாமி எழுந்துபோய் ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் பறித்து வந்தார். வாழையிலைத் துண்டுகளில் தனித்தனியே மடித்து, நாரால் கட்டி, குலுக்கித் தரையில் போட்டார்.

"செவப்பு வந்தா அம்மன் பொய் சொன்னா. வெள்ள வந்தா நீரு சொன்னீரு. எடும்."

நல்லபெருமாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். நந்தியாவட்டை.

"சரியாக் குலுக்கல சாமி. இன்னொரு தரம் போடுங்க."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அன்றைக்குப் பூசாரியிடம் சொன்ன அதே வார்த்தை.

சாமி அந்தப் பூவை வாங்கி மறுபடியும் இலையில் மடித்தார்.

"போடுதேன். உமக்குப் பிடிச்சது வார வரைக்கும் போடுவோம். இனிமே என்ன அவசரம்?"