உடம்பைத் திருப்பித் தராத நாய்

அந்தக் காலத்தில் நாய்களெல்லாம் ஒரே அளவுதான். கீரியைவிடக் கொஞ்சம் பெரிது. மிருகங்கள் பேசின. மலையும் பேசியது.

மலையடியில் ஒச்சம்மா என்பவள் ஆட்டுக்கிடை போட்டிருந்தாள். புருஷன் இறந்துவிட்டான். வேப்பமரத்துத் தூளியில் ஒரு பிள்ளை, காவலுக்குச் செவலை என்ற நாய். அவ்வளவுதான் அவள் குடும்பம்.

கழுதைப்புலி பட்டப்பகலிலேயே வரும். செவலை குரைத்தால் உட்கார்ந்து கேட்கும்.

"நல்லா இருக்கே, இன்னும் கொஞ்சம் பாடு" என்று சொல்லிவிட்டு, ஒரு ஆட்டுக்குட்டியைக் கவ்விக்கொண்டு நடக்கும். ஓடக்கூட ஓடாது.

ஒரு நாள் அது குட்டியை விட்டுவிட்டுத் தூளியைப் பார்த்தது.

"ஆட்டுக்கறி சலிச்சுப்போச்சு. நாளைக்கு வாரேன்."

செவலை அப்போதே மலையேறியது. உயிர்களுக்கு உடம்பு கொடுப்பது மலைதான்.

"எனக்குக் கன்னுக்குட்டி அளவுக்கு உடம்பு வேணும்."

"தரலாம்," என்றது மலை. "ஆனால் நாய்க்கு நான் வைத்திருக்கும் இதயம் ஒரே அளவு. பெரிய உடம்பைத் தாங்கித் தாங்கி அது சீக்கிரம் களைத்துவிடும். பதினைந்து மழைக்காலம் பார்க்க வேண்டியவன், ஏழோடு போய்விடுவாய். எலும்பு நோகும். தின்றதும் ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளும்."

"பேசிக்கிட்டே இருந்தா பொழுது போயிரும். குடு."

மறுநாள் கழுதைப்புலி சிரித்துக்கொண்டே வந்தது. தூளிக்கு முன்னால் செவலை எழுந்து நின்றது. குரைக்கவில்லை.

கழுதைப்புலி அண்ணாந்து பார்த்தது. "யாருப்பா நீ?"

"நேத்து பாடச் சொன்னியே, அவன்தான்."

கழுதைப்புலிக்கும் ஓடத் தெரியும் என்று ஆடுகள் அன்றுதான் கண்டன.

மலை கூப்பிட்டது. "வேலை முடிந்தது. உடம்பைத் திருப்பிக் கொடு. மீதி ஆயுளை வாங்கிக்கொள்."

"குடுத்துருடா செவலை," என்றாள் ஒச்சம்மா. "ரொம்ப நாள் எங்கூட இருப்பேல்ல?"

"நான் இருப்பேன் ஆத்தா. பிள்ளை இருக்கணுமே."

மலைச்சரிவில் கழுதைப்புலி தன் கூட்டத்தோடு வந்து உட்கார்ந்திருந்தது. செவலை மலையை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது: "தர மாட்டேன்."

மலையிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஏழாம் வருஷத்து வலி முழுவதையும் அது அன்றே செவலையின் பின்னங்கால்களில் இறக்கியது. கால்கள் நடுங்கின. படுத்துவிட்டால் கூட்டம் இறங்கிவிடும்.

"ஆத்தா, பக்கத்துல வந்து நில்லு."

அவள் வந்தாள். செவலை தன் பாரம் முழுவதையும் அவள் மேல் சாய்த்தது. ஒச்சம்மா தடுமாறி, காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

"கனக்குதேடா."

"நான் விழ மாட்டேன். நீயும் விழுந்துராத."

வெயில் தாழும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். கழுதைப்புலிகள் ஒவ்வொன்றாக எழுந்து போயின. மலை களைத்ததோ வெட்கப்பட்டதோ, அதன் பிறகு உடம்பைக் கேட்கவே இல்லை. ஆனால் ஏழு என்று சொன்னதை மாற்றவும் இல்லை. செவலையிடம் நாம் இன்னும் கெஞ்சிக் கேட்டிருக்கலாமோ என்று, அது இல்லாத எட்டாம் வருஷம் ஒச்சம்மா பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் கிடைப்பதற்குள், பசிக்கிறது என்று பிள்ளை ஓடி வந்துவிடுவான்.

அன்று முதல்தான், செவலை வழி வந்த பெரிய நாய்களுக்கு ஆயுள் குறைவு. அன்று முதல்தான் அவை தமக்கு வேண்டியவர் பக்கத்தில் வந்து, பாரம் முழுவதையும் அவர் மேல் சாய்த்து நிற்கின்றன, தள்ளினாலும் நகர்வதில்லை.