டகோட்டாவின் வயிறு

காட்பாடியில் ஒரு குருவுக்கு ஒரே ஒரு சீடர் இருந்தார். குரு, பல் டாக்டர் நஸ்ரீன். வயது முப்பத்திரண்டு. சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்தொன்று. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்த மனிதர், பல் போன பிறகும் வந்துகொண்டே இருந்தார்.

காரணம் டாக்டரின் கம்ப்யூட்டர். அதில் சிமுலேட்டர் என்று ஒன்று இருந்தது. இருந்த இடத்திலிருந்தே விமானம் ஓட்டலாம். மலை, மேகம், மழை எல்லாம் அசல் போலவே வரும். நஸ்ரீன் ஓட்டுவதில் அல்ல, அந்த விமானங்களுக்கு வண்ணம் பூசுவதில் பேர் வாங்கியவர். அதிலும் சிப்பாய்களையும் சரக்கையும் சுமந்த பழைய ராணுவ விமானங்கள்தான் அவருக்கு உசிர். எங்கெங்கோ இருப்பவர்கள் அவர் பூசியதை ஒரு வெப்சைட்டிலிருந்து இறக்கிக்கொண்டு ஓட்டினார்கள்.

முதல் நாள் அவர் ஒரு சதுரப் படத்தைக் காட்டினார். விமானத்தின் மேல்தோல் முழுவதும், தைக்காத சட்டைத்துணி மாதிரி, அதில் தட்டையாக விரிந்து கிடந்தது.

"ஒரு கோடு போடுங்க சார்."

ஏகாம்பரம் மவுஸைப் பிடித்துக் கோணலாக ஒரு கோடு இழுத்தார். நஸ்ரீன் ஒரு பொத்தானை அழுத்தினார். தட்டைத் துணி உருண்டு, திரண்டு, இறக்கை விரித்து, வெயிலில் ஒரு டகோட்டா விமானமாக நின்றது. அதன் முதுகில் அவருடைய கோணல் கோடு. ஏகாம்பரம் திறந்த வாயை மூடவில்லை.

"வாயைப் பாக்கறது நாளைக்கு சார்" என்றார் நஸ்ரீன்.

ஏகாம்பரம் கற்க வந்தது ஒரே ஒரு விமானத்துக்காக. அவருடைய அப்பா முனிரத்தினம் அறுபதுகளில் பட்டாளத்தில் இருந்தவர். வடகிழக்கே ஏதோ ஒரு மலை உச்சிக்குக் கீழே, ஒரு பள்ளத்தில் முகாம். நிலச்சரிவில் பாதை அறுந்துபோக, நாற்பத்தோரு பேர் பதினோரு நாள் அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடந்தார்கள். பன்னிரண்டாம் நாள் ஒரு டகோட்டா வந்து மூட்டைகளைப் போட்டது. அப்புறம் பாதை திறக்கும்வரை அதே விமானம்தான் வந்தது.

இப்போது கிழவருக்கு வயது எண்பத்தாறு. கண்ணில் நீர் அழுத்தம். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போலக் கொஞ்சம் மிச்சம். ஆடி வரை தாங்கினால் அதிகம் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார்.

"அந்த ஏரோப்ளேன இன்னொரு தபா பாத்துட்டா போதும்டா" என்றார் முனிரத்தினம். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

நான்கு மாதம் ஏகாம்பரம் விழுந்து விழுந்து வேலை செய்தார். விமானம் பழையதாகத் தெரிய வேண்டும் என்று முதலில் இறக்கையெல்லாம் துருவை அப்பிக் கொண்டுவந்தார்.

"சார், டகோட்டாவுக்கு உடம்பு அலுமினியம். அது துரு பிடிக்குமா?"

முப்பது வருஷம் அலுமினியக் கம்பி இழுத்த மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஓய்வு பெற்ற ஒரு விமானப்படை அதிகாரியைத் தேடிப் பிடித்து, அந்த முகாமுக்கு மூட்டை போட்ட விமானம் எது என்று பழைய பதிவுகளில் கண்டுபிடித்து, அதன் இரண்டு புகைப்படங்களை வாங்கினார். அதைப் பார்த்து எண் எழுதினார். விமானப்படையின் மூவண்ண வட்டம் போட்டார். ஒவ்வொரு ஆணியின் தலையையும் வைத்தார். முடிந்ததும் அப்பாவைத் திரைக்கு முன் உட்காரவைத்தார்.

முனிரத்தினம் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, மெல்ல மெல்ல வால்வரை பார்த்தார்.

"ஷோக்கா கீது" என்றார். பிறகு, மகன் மனம் நோகக்கூடாதே என்பது போலத் தணிந்த குரலில், "ஆனா இது அது இல்லடா."

மறுநாள் வெள்ளிக்கிழமை, கிளினிக் விடுமுறை. ஏகாம்பரம் டாக்டர் வீட்டுக்கே போய்விட்டார்.

"நம்பர் சரி. நிறம் சரி. ஆணி கூட எண்ணி வெச்சிருக்கேன். எது தப்பு டாக்டர்?"

நஸ்ரீன் விமானத்தைப் பார்க்கவே இல்லை. சிமுலேட்டரில் ஒரு மலைப் பள்ளத்தைத் தேடி எடுத்தார். ஆள் நின்று பார்க்கும் உயரத்தில் பார்வையைத் தரையில் நிறுத்தினார். இன்னொரு கம்ப்யூட்டரை இதோடு இணைத்தார்.

"நீங்க இங்கயே நில்லுங்க. நான் சமவெளியிலேருந்து உங்க ப்ளேனை எடுத்துக்கிட்டு வரேன்."

"எவ்வளோ நேரம் ஆகும்?"

"அங்கேருந்து வர எவ்வளோ நேரம் ஆகுமோ அவ்வளோ நேரம்."

அவர் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். ஏகாம்பரம் மேகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நாலு பக்கமும் மலை. கால் மணி நேரம் போனது. எழுந்து போய் டீ குடிக்கலாமா என்று நினைத்தார். போன பிறகு வந்துவிட்டால்? உட்கார்ந்துகொண்டார். அரை மணி ஆனது. மேகம் இறங்கிப் பள்ளத்தின் வாயை மூடியது. இனி வராது என்று தோன்றியபோது, பொம்மை விமானம்தானே என்று தெரிந்தும், அவர் எழுந்து திரையோடு ஒட்டி நின்றார்.

முதலில் சத்தம் வந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மலை முழுவதும் உறுமியது. பிறகு மேகம் கிழிந்து, தலைக்கு நேர் மேலே, வானம் முழுவதும் அடைத்துக்கொண்டு அது வந்தது. பாதி உள்ளே போன சக்கரங்கள், இறக்கைகள், அடிவயிறு.

அது கடந்து போகும்போதுதான் கவனித்தார். வயிற்றில் ஒன்றுமே இல்லை. ஒரே வாளிச் சாயத்தைக் கவிழ்த்த மாதிரி வெறும் சாம்பல் நிறம். கவிழ்த்தது அவரேதான்.

நஸ்ரீன் வந்து நிலைப்படியில் நின்றார்.

"வயித்துக்குப் படம் கிடைக்கல டாக்டர். எல்லாரும் பக்கத்துல நின்னுதான் எடுத்திருக்காங்க."

"ப்ளேன் எப்படி இருந்துச்சுன்னு உங்க நைனாவைக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. ப்ளேன் மாதிரி இருந்துச்சுன்னாரு."

"எங்க நின்னு பாத்தார்னு கேளுங்க."

ஏகாம்பரம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். கேள்வி காதில் விழுந்ததும் கிழவரின் மோவாய் தானாக மேலே போனது.

"பள்ளத்துல தான்டா. கீழேந்து அண்ணாந்து. ஒரு சக்கரம் மத்ததைவிட இறங்கித் தொங்கும். எஞ்சின் பின்னால கறுப்பா எண்ணெய் வழிஞ்சிருக்கும், வலது பக்கம் ஜாஸ்தி. அப்புறம் அந்த வெள்ள."

"இன்னா வெள்ள நைனா?"

"மூட்டை தள்ளுற கதவு இடது பக்கம் இல்ல? அங்கேந்து வால் வரைக்கும் வெள்ளையா ஒரு பட்டை. எதோ ஒரு மூட்டை கிழிஞ்சி, மாவு பறந்து ஈரத்துல ஒட்டிகினு இருந்துது. நாங்க அந்த மாவத்தாண்டா பாத்தோம். நம்பரு, வட்டம், ஒன்னும் பாக்கல."

"போட்டோவுல இல்லியே நைனா."

"கழுவி நிறுத்திதான போட்டோ புடிப்பான்?"

ஏகாம்பரம் அடுக்களைக்குப் போனார். அலுமினியத் தட்டில் கோதுமை மாவை ஈரக்கையால் இழுத்து மொட்டைமாடியில் காயவைத்தார். அந்த வெள்ளையைப் பிடிக்கவே பத்து நாள் ஆனது. சுண்ணாம்பு மாதிரி வந்தது, பால் மாதிரி வந்தது. மாவு மாதிரி வர மறுத்தது. பத்தாம் நாள் வந்தது. பார்த்ததும் அவருக்கே பசித்தது.

அப்பாவை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார். பார்வையைத் தரையில் நிறுத்தினார். விமானத்தைத் தூரத்திலிருந்து தானாகப் பறந்து வரும்படி விட்டார். இருவரும் காத்திருந்தார்கள். நடுவில் கிழவர் ஒன்றும் கேட்கவில்லை. காத்திருக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சத்தம் கேட்டதும் முனிரத்தினத்தின் கழுத்து நிமிர்ந்தது. மேகத்திலிருந்து வயிறு வெளிப்பட்டது. தொங்கும் சக்கரம், எண்ணெய், கதவிலிருந்து வால் வரை மாவு. கிழவரின் இரண்டு கைகளும் நாற்காலியை விட்டு எழும்பி, மேலே போய், விரிந்தன.

"வந்துட்டான்" என்றார். மகனிடம் அல்ல, அந்தப் பள்ளத்தில் பக்கத்தில் கிடந்த எவனிடமோ. "டேய் வர்கீஸு, எழுந்திரு. வந்துட்டாண்டா."

விமானம் மலையைத் தாண்டிப் போன பிறகும் கைகள் இறங்கவில்லை. ஏகாம்பரத்துக்குக் கும்பிடத் தோன்றியது. அப்பாவையா, அந்த விமானத்தையா, அன்று அதை ஓட்டிவந்த முகம் தெரியாத யாரையோவா என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவர் கிளினிக்குக்கு வந்தபோது நஸ்ரீன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நடந்ததை ஏகாம்பரம் சொன்னார்.

"எல்லாருக்கும் குடுத்துடலாம்னு அந்த வெப்சைட்ல ஏத்தப் போனேன்" என்றார் ஏகாம்பரம். "ஒவ்வொரு பாகத்துக்கும் ஆதாரம் கேக்கறான். வயித்துக்குப் போட்டோ வேணுமாம். இல்லாட்டி கற்பனைன்னு போட்டுடுவானாம். இன்னா எழுதறது டாக்டர்?"

"எத்தனை பேர் சார் அங்க இருந்தாங்க?"

"நாப்பத்தோரு பேர்."

"நாப்பத்தோரு பேர் பாத்தாங்க, போட்டோ எடுக்க ஒருத்தருக்கும் கை ஒழியலைன்னு எழுதுங்க" என்றார் நஸ்ரீன்.