ஒன்பதாவது தலை

காரமலை மடத்துத் தோட்டத்துக்கு எட்டு மண்டையோடுகள் காவல். எல்லாம் செத்துப்போன குரங்குகளுடையவை. கழுத்து நுழையும் ஓட்டையில் மூங்கில் குச்சியைச் செருகி வேலியில் நட்டுவிடுவார்கள். உயிரோடிருக்கும் குரங்குகள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது.

மனித எலும்பு கிடைத்தால் வழக்கம் வேறு. கண்டெடுத்தவனே அதை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பிடி அரிசியோடு மண்ணில் வைக்க வேண்டும். மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் வைக்காதவன் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும்.

கன்னியப்பன் மலையேறி வந்து இரண்டு வருஷம். அதற்கு முன் நாற்பது வருஷம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டவன். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடன். இறங்கிப் போனால் கதவு திறக்க ஊரில் யாரும் இல்லை.

குகை வாசலில் சேனைக்கிழங்கு நடக் குழி வெட்டும்போது அந்த மண்டையோடு அகப்பட்டது. கீழ்த்தாடை இல்லை. கல்லாய்க் கனத்தது. நெற்றி என்று சொல்ல ஒன்றுமில்லை. புருவ எலும்பு தாழ்வாரம் போல முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. எலும்பைப் பற்றித் தனக்குத் தெரியாததா என்ற மிதப்பில் குரங்கு என்று முடிவுகட்டி, ஒன்பதாவது குச்சியில் ஏற்றினான்.

மறுநாள் காலையில்தான் கவனித்தான். எட்டுத் தலைகளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்பதாவது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குச்சி கோணல் என்று நினைத்து வேறு குச்சி வெட்டினான். எப்படிச் செருகினாலும் முகம் நேராகவே நின்றது. காட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தான். காட்டுக்குள் குரங்குகளின் சத்தம் அப்படியே அடங்கிப்போயிற்று. அந்த அமைதி தாங்காமல் மறுபடி தன் பக்கமே திருப்பினான். பயந்துதான் போனான்.

மூன்றாம் நாள் மாலை குரு காளத்திச் சாமியிடம் போய் நின்றான்.

"சாமி, அது என்னையே பாக்குதுங்க."

"மத்ததெல்லாம்?"

"மானத்தப் பாக்குதுங்க."

குரு எழுந்து வந்தார். வேலியிலிருந்து ஒரு குரங்கு மண்டையை உருவி அவன் கையில் கொடுத்தார்.

"கண்ண மூடிக்க. ஓட்டை எங்கிருக்குது?"

"பின்னாலீங்க."

அதை வாங்கிக்கொண்டு ஒன்பதாவதைக் கையில் வைத்தார்.

கன்னியப்பனின் விரல்கள் பின்பக்கம் தேடின. அங்கே ஓட்டை இல்லை. அடியில், நட்டநடுவில் இருந்தது. எத்தனையோ பேரின் பிடரியை நீவிவிட்ட விரல்கள். தண்டுவடத்தின் உச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தலை இது என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. விரல் தானாகவே மேல்வரிசைப் பல்லுக்குப் போயிற்று. குரங்குக்குக் கத்தி மாதிரி இருக்கும் கோரைப்பல் இங்கே மற்றப் பற்களோடு பல்லாக, சின்னதாக இருந்தது. தன் வாய்க்குள் நாக்கால் தடவிப் பார்த்தான்.

"நிமுந்து நடந்திருக்குதுங்க சாமி."

குரு மேற்கே திரும்பிச் சூரியனைப் பார்த்தார்.

"ஆனா மூளைக்கு எடமே இல்லீங்களே. ஒரு தேங்காத்தொட்டி அளவுதான் இருக்குது. இத எப்படி மனுசன்னு சொல்றது?"

"பொழுது சாயுது, கன்னியப்பா."

அவசரமாகக் குழி வெட்டினான். தலையை உள்ளே வைத்தான். அரிசியை அள்ளிய கை அப்படியே நின்றது. அப்பன், அப்பனுக்கு அப்பன், அவனுக்கு அப்பன் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனான். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. சூரியன் மலைமுகட்டைத் தொட்டுவிட்டது.

"என்ன மொற சொல்லிக் கூப்புடறதுங்க சாமி?"

குரு குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அதுவும் மூணு நாளா உன்னையப் பாத்து அதத்தான் யோசிச்சிட்டிருக்குது."