கொக்கு சிஸ்டரும் ஆமையின் பாலிசியும்

பச்சைமலைக் காட்டுக் குளத்தங்கரையில் கரடி டாக்டர் ஓர் ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். அங்கே இரண்டு நர்ஸ்கள். ஒருத்தி வெள்ளையம்மா என்ற கொக்கு. யூனிபார்ம் தைக்கும் செலவே கிடையாது, பிறவியிலேயே வெள்ளை! இன்னொருத்தி முத்துப்பேச்சி என்ற முள்ளம்பன்றி. ஊசி தேடும் வேலையே கிடையாது, முதுகைச் சிலிர்த்தால் போதும்!

இருவர் தலையிலும் ஒரு வெள்ளைக் குல்லா இருந்தது. சிங்கராஜா கையால் வைத்த குல்லா. அது தலையில் இருந்தால்தான் நோயாளியைத் தொடலாம். குல்லா போனால் தொழிலும் போச்சு! முத்துப்பேச்சியின் குல்லாவில் எப்போதும் பத்து ஓட்டை இருக்கும். வெள்ளையம்மாவோ குளிக்கும்போதுகூடக் குல்லாவைக் கழற்ற மாட்டாள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என்றால் அவளுக்கு உயிர்.

ஒரு நாள் ஆமையார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காலையில் எதிர்க்கரையில் கிளம்பியவர் சாயங்காலம் வந்து சேர்ந்தார்.

"அம்மணிகளா, ஆளுக்கு ஒரு பாலிசி போடுங்க!" என்றார் மூச்சு வாங்கியபடி. "தொழில் பொறுப்புக் காப்பீடு! மருந்து குடுக்கிற வேலை உங்க வேலை. என்னைக்காவது தப்பு நடக்கலாம். தப்பே நடக்காம பழி மட்டும் வரலாம். வழக்குன்னு வந்தா உங்களுக்குன்னு ஒரு வக்கீலை அனுப்புவோம். நஷ்டஈடு குடுக்கச் சொன்னா அதையும் நாங்க பாத்துக்குவோம். மாசம் ஒரு மீன், இல்லேன்னா ஒரு கிழங்கு. அவ்வளவுதான்!"

"ஒரு மீனா!" என்று கொக்கு அலறினாள். "வாய்க்குள்ள போனதைக் கக்கச் சொல்றீரே! எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் ஏற்கெனவே பாலிசி இருக்கே!"

"அது ஆஸ்பத்திரிக்கும்மா. உங்களுக்கு?"

"ஆஸ்பத்திரி வேற, நான் வேறயா? டாக்டர் என்னை எப்படிக் கூப்பிடறார் தெரியுமா? சிஸ்டர்! வாய் நிறைய, சிஸ்டர்! கூடப் பிறந்தவளை யாராவது கைவிடுவாங்களா?"

முத்துப்பேச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அக்கா, நோயாளிங்களும்தான் நம்மளை சிஸ்டர்னு கூப்பிடறாங்க. அதுக்காகப் பொங்கலுக்கு யாராவது சீர் கொண்டு வந்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஆமையார் கையில் ஒரு கிழங்கை வைத்தாள். கொக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டு வார்டுக்குள் போய்விட்டாள்.

ஆவணி மாதம் பிறந்தது. சிங்காரம் என்ற மயில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். யாரோ ஒருவர் தோட்டத்து வேர்க்கடலையை மூட்டை மூட்டையாக உள்ளே தள்ளியிருந்தார். கரடி டாக்டர் வயிற்றை ஒரு தட்டுத் தட்டினார். "சிஸ்டர், ஓமச் சாறு ரெண்டு மூக்கு! அப்புறம் ஒரு ஊசி!" என்று சொல்லிக்கொண்டே வெளியே நடந்துவிட்டார். எதையும் ஓலையில் எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. எழுத உட்கார்ந்தால் தூங்கிப்போவார்.

ரெண்டு மூக்கு சரி. யார் மூக்கு? டாக்டர் மனசில் இருந்தது சிட்டுக்குருவியின் மூக்கு! கொக்கு அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. முழ நீளம் இருந்த தன் மூக்கால் தாராளமாக இரண்டு தடவை மொண்டு ஊற்றிவிட்டாள். முத்துப்பேச்சி ஊசியைப் போட்டாள்.

அடேயப்பா! அன்றைக்கு மயிலார் புதருக்கு ஓடிய ஓட்டம் இருக்கிறதே! பதினேழு தடவை! மறுநாள் வயிறு லேசாகி, பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஆனால் நாலாம் நாள் அவர் வாலிலிருந்து ஒரு தோகை உதிர்ந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் பத்து. மாதம் முடிவதற்குள் மயிலார் கோழி மாதிரி ஆகிவிட்டார். "அந்தக் கோழிக்கு ஏன் இவ்வளவு நீளக் கழுத்து?" என்று குரங்குகள் கேட்டன. அவருக்கு மானம் போயிற்று!

நேரே சிங்கராஜாவிடம் ஓடினார். "ராஜா! கொக்கு குடுத்த சாறும் முள்ளம்பன்றி போட்ட ஊசியும் என் தோகையைக் கொட்ட வெச்சிடுச்சு! ரெண்டு பேர் குல்லாவையும் பிடுங்குங்க! ஆஸ்பத்திரியும் பதில் சொல்லணும்!"

ஆஸ்பத்திரியின் பாலிசிக்காக ஒரு வக்கீல் வந்தார். நரி. கறுப்புக் கோட்டும் தேன் ஒழுகும் பேச்சுமாக வந்தவர் கொக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க சிஸ்டர். நடந்ததை ஒண்ணுவிடாம சொல்லுங்க, நான் இருக்கேன்ல?"

கொக்கு பொலபொலவென்று அழுதாள். "மூக்கு அளவு மாறிப்போச்சு ஐயா! கொஞ்சம் அதிகமாவே ஊத்திட்டேன். பாவம் அந்த மனுஷர்!" என்று மயிலை மனுஷர் ஆக்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

புரட்டாசியில் விசாரணை. முதலில் கொக்கின் முறை. நரி எழுந்தார்.

"ராஜா! டாக்டர் மேல் குற்றமில்லை. ஆஸ்பத்திரி மேல் குற்றமில்லை. அளவை மாற்றி ஊற்றியது இந்தக் கொக்குதான்! என்னிடம் அவளே சொன்னாள்!"

கொக்கு நரியின் பக்கம் திரும்பினாள். "ஐயா! நீங்க என் வக்கீல் இல்லையா?"

"நான் ஆஸ்பத்திரி வக்கீல் அம்மா! எனக்கு ஆஸ்பத்திரி பிழைக்கணும்!"

"டாக்டர்! நீங்களாவது சொல்லுங்க! நான் உங்க சிஸ்டர் இல்லையா?"

சிங்கராஜா புருவத்தை உயர்த்தினார். "என்ன டாக்டரே, கொக்கு உமது சகோதரியா?"

கரடி பதறிப்போனார். "ஐயையோ ராஜா! எங்க அம்மாவுக்கு நாங்க நாலும் தடிப் பசங்க! இறக்கை முளைச்ச தங்கச்சி எங்கேருந்து வரும்? அது சும்மா கூப்பிடறது ராஜா!"

சபை வயிறு வலிக்கச் சிரித்தது. ஒரு குரங்கு சிரித்துச் சிரித்துக் கிளையிலிருந்தே விழுந்தது. கொக்கு மட்டும் சிரிக்கவில்லை.

"உனக்காகப் பேச யாராவது உண்டா?" என்று ராஜா கேட்டார்.

"இல்லை ராஜா."

"அப்படியானால் நீயே பேசு."

இளகிய மனசு அவளுக்கு. எதிரே மொட்டை வாலோடு நின்ற மயிலைப் பார்த்தாள். "என்னாலதான் ராஜா! எல்லாம் என்னாலதான்! என்னை மன்னிச்சிடுங்க!" என்று விசும்பினாள்.

"குற்றத்தை ஒப்புக்கொண்டாள். குல்லாவைக் கழற்றுங்கள்!" என்றார் ராஜா. அவ்வளவுதான், வழக்கு முடிந்துவிட்டது.

மறுநாள் முத்துப்பேச்சியின் முறை. அவளோடு ஒரு கிளி வந்தது. ஆமையார் அனுப்பிய வக்கீல்! "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தெரியாத பழியை நீங்களா தலையில தூக்கி வெச்சுக்காதீங்க," என்று முதல் நாளே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. இப்போது மயிலின் முன்னால் போய் நின்றது.

"சிங்காரம் அண்ணே, போன வருஷம் ஆவணியில உங்க தோகை எப்படி இருந்துச்சு?"

மயில் திருதிருவென்று விழித்தார். "அது... அப்போ... கொஞ்சம் கொட்டியிருந்துச்சு."

"கொஞ்சமா?"

"முழுசா."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"முழுசா."

"உங்க அப்பாவுக்கு?"

மயிலுக்கு வேர்த்துவிட்டது. "சரிப்பா! மயிலுன்னா வருஷா வருஷம் கொட்டத்தான் செய்யும்! தை மாசம் பக்கம் மறுபடி வளந்திடும்! வளந்ததும் ஆடற சந்தோஷத்துல கொட்டினது எனக்கு மறந்து போயிடுது! அதுக்கு நான் என்ன பண்றது?"

சபை இடிந்து விழும்போல் ஆயிற்று! சிங்கராஜா சிரித்த சிரிப்பில் அவர் பிடரி முடியே நாலு உதிர்ந்தது. "இதற்கும் ஊசிதான் காரணமா, மயிலாரே?" என்றார். மயில் புதரைத் தேடி ஓடினார், இந்தத் தடவை வயிறு வலிக்காமலே! முத்துப்பேச்சியின் ஓட்டைக் குல்லா அவள் தலையிலேயே இருந்தது.

கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு கொக்கு ஓடி வந்தாள். "ராஜா! அப்போ சாறும் காரணமில்லையே! என் குல்லாவையும் குடுங்க!"

ராஜாவின் சிரிப்பு நின்றது. "நியாயம்தான். ஆனால் உன் வழக்கு நேற்றே முடிந்துவிட்டது. நீயே குற்றத்தை ஒப்புக்கொண்டாய். மறு விசாரணைக்கு மனுப் போடு. அடுத்த சபை தையில்தான்."

கொக்கு நேரே ஆமையாரிடம் பறந்தாள். "ஒரு மீன் என்ன, ஒரு கூடை மீன் தர்றேன்! இந்தக் கேஸை எடுத்துக்குங்க!"

ஆமையாருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "வெள்ளம் வருமுன் அணை போடணும் தாயி. நடந்து முடிஞ்சதுக்குப் பாலிசி கிடையாது. இனிமே வரப்போறதுக்குத்தான். மனுவை எழுதத் துணைக்கு வர்றேன். தை பிறந்தா வழி பிறக்கும்."

ஐப்பசி மழை பிடித்தது. காடெங்கும் காய்ச்சல். ஒரு நாள் ஒரு தாய் முயல் குட்டியைத் தூக்கிக்கொண்டு, குளத்தங்கரையில் நின்ற கொக்கிடம் ஓடி வந்தாள். "அக்கா, உடம்பு அனலாக் கொதிக்குது! ஆஸ்பத்திரியில ஒரே கூட்டம்! நீங்க ஒரு தடவை தொட்டுப் பாருங்க!"

கொக்கின் கழுத்து தானாக நீண்டது. குட்டியின் நெற்றிக்கு ஒரு விரல் தூரத்தில் அது நின்றுவிட்டது.

"நான் தொடக்கூடாதும்மா," என்றாள். "முத்துப்பேச்சிகிட்டே போ. ஓடு, நிக்காதே!"

முயல் ஓடினாள். குட்டியும் பிழைத்துக்கொண்டது. தை பிறந்ததும் ராஜா மனுவைக் கேட்டு, தம் கையாலேயே குல்லாவைத் திருப்பி வைத்தார். அன்றைக்கே கொக்கு பாலிசியும் போட்டாள். ஆனால் அவள் கைபடாமல் போன அந்த நெற்றிச் சூடு மட்டும் அவளுக்கு வெகுநாள் ஆறவில்லை.

முதலாளியின் காப்பு முதலாளியைத்தான் காக்கும். நமக்கு வேண்டிய காப்பை, ஆபத்து வருமுன் நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.