மெழுகுவர்த்தியின் முன் ஆறு முட்டை

குழந்தைகளே, முதலில் ஒரு விடுகதை. சுடரின் முன் பிடித்துப் பார்க்கும் பொருள்கள் இரண்டு. ஒன்று தெளிவாக இருந்தால் மகிழ்ச்சி. மற்றொன்று தெளிவாக இருந்தால் வருத்தம். அவை எவை? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

நெடுங்காலத்துக்கு முன், பிரெஞ்சு தேசத்தில், அகன்ற ஓர் ஆற்றங்கரையில் பழைய திராட்சைத் தோட்டம் ஒன்று இருந்தது. அங்கே மண்ணைவிடக் கூழாங்கல்தான் அதிகம். வேறு எதுவும் பிழைக்காத அந்த மேட்டில் திராட்சைக் கொடி மட்டும் ஆழமாக வேர்விட்டுக் கருஞ்சிவப்புப் பழம் தந்தது. அந்தப் பழத்தின் மதுவுக்குக் கடல் கடந்தும் பேர் இருந்தது.

பீப்பாய்கள் கிடந்த நிலவறையைக் கவனித்தவர் அன்செல்ம். அவருடைய மகள் லியோனிக்கு எட்டு வயது. கோழிக்கூண்டு அவள் பொறுப்பு.

புது மது கலங்கலாக இருக்கும். அதனால் வசந்தம் வந்ததும், பீப்பாய்க்கு ஆறு முட்டை வீதம் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து ஊற்றுவார்கள். அது கசடையெல்லாம் சேர்த்துக்கொண்டு அடியில் படியும். பிறகு அன்செல்ம் ஒரு கோப்பை மதுவை மெழுகுவர்த்தியின் முன் பிடிப்பார். சுடர் பளிச்சென்று தெரிந்தால் மது தெளிந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த வருடம் பன்னிரண்டு பீப்பாய்கள்.

"பன்னிரண்டும் தெளிந்தால் நான் வண்டியோடு துறைமுகம் போவேன், நீயும் வரலாம். ஒன்று மிஞ்சினாலும் அதற்குக் காவலாக இங்கேதான் இருக்க வேண்டும்" என்றார் அப்பா.

லியோனி கப்பலைப் பார்த்ததே இல்லை. "நம் கோழிக்கூண்டைவிடப் பெரிதா, அப்பா?"

"கொஞ்சம் பெரிது. நாற்றம் அதேதான்."

அந்த வசந்தத்தில் மூன்று முறை நரி வந்தது. முதல் முறை நான்கு கோழிகள் போயின. இரண்டாம் முறை ஐந்து. மூன்றாம் முறை சேவலும் போயிற்று. ஊரில் எந்தக் கூண்டையும் அது விட்டுவைக்கவில்லை. மிஞ்சியது லியோனியின் சொந்தச் சாம்பல் கோழி மட்டும். அது ஆறு முட்டைகளின் மேல் உட்கார்ந்து ஐந்து நாளாகியிருந்தது.

பதினொரு பீப்பாய்கள் தெளிந்துவிட்டன. பன்னிரண்டாவதற்கு முட்டை இல்லை. இன்றே ஊற்றினால்தான் கப்பல் புறப்படுவதற்குள் தெளியும்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரியான சீமாட்டியே, மெழுகுவர்த்தி ஏந்திய அன்செல்மோடு கூண்டுக்கு வந்து குனிந்தாள். "கோழி உன்னுடையது. அதனால் உன்னைத்தான் கேட்கிறேன். பீப்பாய்க்கு இந்த ஆறு முட்டைகளைத் தருவாயா?"

லியோனி மூன்று கேள்வி கேட்டாள்.

"முட்டை ஊற்றாவிட்டால் மது கெட்டுப்போகுமா, அப்பா?"

"கெடாது. ஒரு வருடம் விட்டால் தானாகவே தெளியும்."

"கப்பல் மறுபடி வருமா?"

"அடுத்த வசந்தத்தில் வரும்."

"கோழி மறுபடி முட்டையிடுமா?"

"இடும். சேவல்தான் இல்லையே, குஞ்சு வராது."

லியோனி அப்பாவின் மெழுகுவர்த்தியை வாங்கினாள். ஒரு முட்டையை எடுத்துச் சுடரின் முன் பிடித்தாள். ஓட்டுக்குள் மெல்லிய சிவப்பு இழைகள் திராட்சை வேர்போலப் படர்ந்திருந்தன. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே. ஆறையும் பார்த்துவிட்டாள்.

"எதுவும் தெளிவாக இல்லையே" என்றாள் சீமாட்டி.

"இது தெளிவாக இருக்கக் கூடாது, அம்மா."

சீமாட்டி நெடுநேரம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்போதும் உன்னைத்தான் கேட்கிறேன். கப்பலா, குஞ்சா?"

குழந்தைகளே, விடுகதைக்கு விடை இதற்குள் உங்கள் கையில் இருக்கும். நீதியையும் சொல்லிவிடுகிறேன்: காத்திருந்தால் சரியாகிவிடும் ஒன்றுக்காக, காத்திருக்க முடியாத உயிரைக் கொடுக்கக் கூடாது.

லியோனி ஆறு முட்டைகளையும் கோழிக்கு அடியில் திரும்ப வைத்தாள்.