கை பட்டால் மோகனம்

துறைத்தலைவர் சிங்காரவடிவேல் பச்சை மைப் பேனாவைத் திறந்தால் பாஸ். மூடினால் அந்த வருஷமே போச்சு. அன்றைய ப்ராஜெக்ட் வைவாவில் வரிசையாக ஆறு பேருக்கு மூடிவிட்டார். ஏழாவதாக உள்ளே போனாள் ஜெபசெல்வி.

அவள் கொண்டுபோனது ஒரு தொடுதிரை. அதில் நிறைய கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சுரம். தொட்ட கட்டமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இசைக்கும். விளக்கிச் சொல்வதற்குள் பயத்தில் விரல் வியர்த்துத் திரையே ஈரமாகிவிட்டது.

“நான் சபாவுல முன்வரிசை ஆளு தெரியுமா? கண்ணை மூடிக்கிட்டுத் தட்டுவேன். ஒரு அபஸ்வரம் வந்தாலும் நீ ஃபெயில்!” என்றார் தலைவர்.

“இது நியாயமா சார்?” என்றார் வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா. தலைவர் காதில் வாங்கவில்லை.

“உங்க கை பட்டா அபஸ்வரம் எப்படி சார் வரும்?” என்றாள் ஜெபசெல்வி மெதுவாக.

அவர் கண்ணை மூடி, இரண்டு கையாலும் சடசடவென்று தட்டினார். வந்ததெல்லாம் சுத்தமான மோகன ராகம்.

“பார்த்தீங்களா? இதுக்கெல்லாம் ஞானம் வேணும்!” பூரித்துப்போய்ப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். “திரையெல்லாம் உன் வியர்வை. துடைச்சுட்டுப் போ.”

அவள் மேசைமேல் கிடந்த துணியை எடுத்துத் தேய்த்தாள். அதே மோகனம் இன்னும் இனிமையாக வந்தது. மோகனத்தின் ஐந்து சுரங்களைத் தவிர வேறெதையும் அவள் அந்தக் கட்டங்களில் வைக்கவே இல்லை.

தேர்வாளர் அம்மா துணியைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார்.

“சபாவுல இது உங்க பக்கத்து சீட்டா சார்?”